கவிழ்த்து வைத்த கொப்பி

தை மாதத்தின் கடைசிக் கிழமை. ஒன்பதாம் தரம், முதலாம் பாடவேளை. ஒருங்கமை சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாங்கில் ஒரு பையன் கொப்பியின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் சிறிது திறந்திருந்தது. தாளின் ஓரம் எச்சிலில் நனைந்து மை ஊறியிருந்தது. அந்தக் கிழமையில் அது மூன்றாவது தடவை. மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய், அவன் காதருகே வாங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

துள்ளி எழுந்தவன் வாயிலிருந்து வந்த முதற்சொல், "யானை!"

வகுப்பே சிரித்தது. எனக்கு அது கேலியாகப் பட்டது. வெளியே போய் நில் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் விறாந்தைக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணி அடிக்கும்வரை நின்றான்.

இடைவேளையில், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அவனை ஏசாதீர்கள் தங்கச்சி. வேளாண்மை முற்றி நிற்கிறது. தகப்பன் கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். மாமனோடு இவன்தான் இரவுக் காவலுக்குப் போகிறான். நேற்று விடியப்புறம் நாலு யானை வயலுக்குள் இறங்கியதாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெற்பயிர்தான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நிலம் எழுவான்கரை. சூரியன் எழுகின்ற பக்கம். வாவிக்கு மேற்கே, அது படுகின்ற பக்கம், படுவான்கரை. வயலும் குளமும் காடும் அங்கேதான். நான் இருப்பது எழுவான்கரையில் கல்லடியில், படிப்பிப்பது படுவான்கரையில். 2014இல் ஜப்பானிய உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள், பாதை தவறினால் அங்கேயே யாராவது வீட்டில் தங்கிவிடுவோம் என்று. அந்தக் காலத்தை நான் மெச்சவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பயணம் பெரும்பாடு. ஆனால் தங்கிய ஆசிரியருக்குப் பிள்ளையின் இரவு தெரிந்திருந்தது. நான் பாலத்தால் போய்ப் பாலத்தால் திரும்புகிறவள். நாலு வருடம் படிப்பித்தும், மாசி பிறக்கும் முன் அந்தக் கிராமத்தில் எத்தனை பிள்ளைகள் நித்திரை இல்லாமல் பாடசாலைக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் அவனிடமே கேட்டேன். வயல் வாடியில் இரண்டு பேர் மாறி மாறி விழித்திருப்பார்களாம். மின்வேலி இருக்கிறது, யானை மரத்தைத் தள்ளி அதன்மேல் விழுத்திவிட்டு வந்துவிடும். தகரம் தட்டிப் பார்ப்பார்கள், டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள், அதற்கும் அசையாவிட்டால் யானைவெடி. வெடி பனியில் நனைந்தால் வெடிக்காது. அதனால் அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்திருப்பது அவன் வேலை. பதினான்கு வயதுப் பிள்ளை, நெஞ்சுக்கூட்டில் வெடியைச் சூடாக வைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, ஏழரைக்கு என் முன்னால் வந்து அமர்கிறான். நான் அவன் காதருகே அடிமட்டத்தால் அடித்தேன்.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் பார்க்க அவமானப்படுத்திவிட்டுத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது நியாயமாகாது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்லை டீச்சர்" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "டீச்சருக்கும் அன்றைக்குக் கண் சிவந்துதான் இருந்தது."

அவன் சொன்னது உண்மை. முந்திய இரவு நான் படுத்தபோது பன்னிரண்டரை. நாலரைக்கு எழுந்து, சமைத்து, மகளைத் தயார்ப்படுத்தி, ஸ்கூட்டரில் ஆரையம்பதி தாண்டிப் பாலம் ஏறும்போது ஆறு ஐம்பது. வரவு இடாப்பில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையொப்பம் இடுவதைப் போல ஓர் ஆசிரியருக்குக் கூச்சம் தருவது வேறில்லை. ஆக அந்தக் காலைப்பொழுதில் நித்திரையில்லாத ஒரு பெரியவளும் நித்திரையில்லாத ஒரு சிறுவனும் எதிரெதிரே நின்றோம். அவன் கண்மூடினான், நான் கோபப்பட்டேன். இரண்டும் ஒரே களைப்பின் இரண்டு முகங்கள். அதிகாரம் இருந்த பக்கம் அது கோபமாக வந்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். ஆசிரியர் நலன், மாணவர் நலன் என்று இரண்டு தலைப்பு போட்டு, இரண்டு நாளில் இரண்டு செயலமர்வு வைக்கிறோம். ஆனால் வகுப்பறையில் களைப்பு தண்ணீர் மாதிரி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். என் நாளைச் சரிசெய்யாமல் அந்தப் பிள்ளைகளின் நாளை என்னால் சரிசெய்ய முடியாது.

மட்டக்களப்புக்காரர் பேச்சில் ‘மறுகா’ என்று ஒரு சொல் உண்டு. பிறகு என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். வெளியூரில் இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஆள் எந்த ஊர் என்று பிடித்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். அந்தச் சொல்லைத்தான் நான் எனக்கு எதிராகவே வைத்து வாழ்ந்துகொண்டிருந்தேன். மறுகா சாப்பிடலாம், மறுகா தண்ணீர் குடிக்கலாம், மறுகா டொக்டரிடம் காட்டலாம், இந்தத் தவணை முடியட்டும் மறுகா தூங்கலாம். தவணை முடியும், விடைத்தாள் வரும்.

பணிச்சோர்வைப் பற்றி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பின்னால்தான். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாக அல்லாமல் தொழில் சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தது. மூன்று அடையாளங்கள்: உடம்பிலும் மனத்திலும் சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இலேயே இதை அளக்க ஒரு வினாக்கொத்தை வகுத்திருக்கிறார். அவர் கணக்கில் இரண்டாவது அடையாளம், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் போவது.

அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அதற்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. ‘இதுகள்.’ "இதுகளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது." "இதுகளோடு மாரடித்து என்ன பயன்." ஆசிரியர் ஓய்வறையில் தினமும் காதில் விழும் வசனங்கள். செல்லமாகவும் அப்படிச் சொல்வதுண்டு. குரலில் வித்தியாசம் தெரியும். அந்த ஆண்டில் நான் சொன்ன ‘இதுகள்’ செல்லத்தில் சேராது. பிள்ளையை அவன், அவள் என்ற இடத்திலிருந்து அது என்ற இடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் அடிமட்டத்தை எடுத்திருக்கிறேன். வினாக்கொத்தை நிரப்பிப் பார்க்க எனக்குத் தேவைப்படவில்லை. இப்போதும் அந்தச் சொல் நாக்கில் வந்து நிற்கும் நாட்களில், இன்று எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்றுதான் முதலில் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் நேரம் எங்கே போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாலு வகுப்பு, வகுப்புக்கு முப்பத்தைந்து பிள்ளைகள், 140 கொப்பிகள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 420 நிமிடம், ஏழு மணித்தியாலம். ஒரு சுற்றுத் திருத்தலுக்கு ஒரு முழு வேலைநாள். அதை நான் இரவில், அடுப்படி மேசையில், மகள் தூங்கிய பிறகு செய்துகொண்டிருந்தேன். அப்படிச் செய்து கொடுத்த கொப்பியைப் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனித்தேன். அடியில் போட்ட புள்ளியைப் பார்க்கிறது. பக்கத்துப் பிள்ளையின் புள்ளியைப் பார்க்கிறது. மூடி வைத்துவிடுகிறது. வழியை விளக்கி நான் எழுதிய சிவப்பு வரிகளை ஒருவரும் வாசிக்கவில்லை.

இது எனக்கு மட்டும் நடக்கும் காரியமில்லை என்று பின்னர் தெரிந்தது. 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பாடசாலைப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். புள்ளி கண்ணில் பட்டதும் குறிப்பு அழிந்துபோகிறது.

அன்றிலிருந்து மாற்றினேன். நான்கு கணக்குக் கொடுத்தால் மூன்றை அவர்களே விடையோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். நாலாவதை நான் வாங்குகளுக்கு இடையில் நடந்து, வகுப்பு நேரத்திலேயே பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். கிழமைக்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள். புள்ளி போடுவதில்லை. ஒரு வரி எழுதுகிறேன்: ‘அடைப்பை நீக்கும்போது குறி மாறியதா என்று பார்.’ அதைப் பார்த்துத் திருத்திய பின்புதான் அடுத்த பக்கம். தவணைப் பரீட்சைக்கும் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் புள்ளி போட்டுத்தான் ஆக வேண்டும். அதை விட முடியாது, விடவுமில்லை.

மேற்பார்வைக்கு வந்த ஒருவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, சிவப்பு மை குறைவாக இருக்கிறதே என்றார். பிள்ளை பென்சிலால் திருத்தியிருந்த இடங்களைக் காட்டினேன். அவர் முகத்தில் பெரிய திருப்தி தெரியவில்லை. எங்கள் அதிபர்தான் குறுக்கே வந்து, "திருத்துவது பிள்ளையின் கையாக இருந்தால் நல்லதுதானே ஐயா" என்றார். அந்த ஒரு வசனம் எனக்குப் பல மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆசிரியர் நலன் என்று பெரிய பெரிய திட்டங்களைப் பேசுகிறோம். தக்க நேரத்தில் அதிபர் ஒருவர் முன்னால் வந்து நிற்பதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

மீண்ட நேரத்தில் நான் வேறொன்றும் செய்யவில்லை. தூங்கினேன்.

கொப்பி விடயத்துக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்ட அன்றே வகுப்பில் ஓர் ஏற்பாடு சொன்னேன். இரவு தூங்காதவர்கள், காரணம் என்னவாக இருந்தாலும், கணிதக் கொப்பியை மேசை மூலையில் கவிழ்த்து வையுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். அந்தப் பாடவேளையில் கேள்வியும் கேட்க மாட்டேன். முதல் பதினைந்து நிமிடம் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குப் போகும் முன் அன்றைய பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் நாள் பதினொரு கொப்பிகள் கவிழ்ந்தன. பாதிப் பேர் சும்மா பார்ப்பதற்காகச் செய்தார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டாம் கிழமை அது மூன்று, நாலாக இறங்கிவிட்டது. கேட்க மாட்டார்கள் என்று உறுதியானால் பிள்ளைகள் பொய் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. கிழமைக்கு ஓரிரு நாள் முதலாம் பாடவேளைக்கு வரும் புதிய பாடத்தை இடைவேளைக்குப் பிந்திய வேளைக்கு மாற்றித்தர இன்னோர் ஆசிரியர் சம்மதித்தார். அறுவடை முடியும்வரைக்கும் மட்டும்.

யானைக்காவல் பையன்களின் கொப்பிகள் எனக்குப் பழகிவிட்டன. எனக்கு விளங்காமல் இருந்தது ஒரு பெண்பிள்ளையின் கொப்பி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கவிழ்ந்திருக்கும். மற்ற நாட்களில் நேராக இருக்கும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவளின் அம்மம்மா வந்தபோதுதான் தெரிந்தது: தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அந்த வீட்டார் படுத்த பிறகு, பதினொரு மணிக்குத்தான் கையில் தொலைபேசி கிடைக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். அங்கே பதினொரு மணி என்றால் இங்கே ஒன்றரை. "அவள் எடுக்கும்வரை இந்தப் பிள்ளை படுக்காது டீச்சர். எடுத்த பிறகும் படுக்காது" என்றார் அம்மம்மா. அந்த ஒன்றரை மணி அழைப்பை விட்டுவிட்டுத் தூங்கு என்று சொல்ல எந்த நித்திரை ஆய்வுக்கும் உரிமை இல்லை. திங்கட்கிழமைக் கொப்பி கவிழ்ந்தே இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை முதன்முதலாக வாய் திறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியற் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு ஒன்றை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஏறத்தாழ ஒரு வினாடி. அதை மூன்று வினாடி ஆக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், விடையின்றிப் போன கேள்விகள் குறைந்தன. மூன்று வினாடி! காசில்லாமல், உபகரணம் இல்லாமல், படுவான்கரையின் எந்த மூலையிலும் செய்யக்கூடிய காரியம்.

செய்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று விளங்கியது. களைத்துப்போன ஆசிரியரால் மௌனத்தைத் தாங்க முடியாது. பாடம் முடியவில்லையே என்று உள்ளே ஒன்று அரிக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டு நானே விடையையும் சொல்லிவிடுவேன், அல்லது முன்வாங்கில் எப்போதும் கையுயர்த்தும் இரண்டு பேரைக் காட்டிவிடுவேன். தூங்கி எழுந்து வந்த நாட்களில் மட்டுமே என்னால் காத்திருக்க முடிந்தது.

அப்படி ஒரு நாள். கச்சான் என்று நாங்கள் சொல்லும் வறண்ட மேல்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. அரைச்சுவர் வகுப்பு; ஜன்னல் தேவையில்லை, புழுதி நேரே உள்ளே வரும். சதவீதம் பாடம். "ஆயிரம் ரூபாய்ச் சேலை. கடைக்காரர் விலையை 20 சதவீதம் கூட்டுகிறார். விற்கவில்லை. திரும்ப 20 சதவீதம் குறைக்கிறார். பழைய விலை வருமா?" முன்வாங்கு இரண்டு பேரும் ஒரே குரலில் "வரும் டீச்சர்" என்றார்கள். நான் சரி, பிழை ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே யாரோ குழாயைத் திறந்து கைகழுவும் சத்தம் கேட்டது. நாலு. ஐந்து.

"வராது டீச்சர்."

குரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அவள்தான். "கூட்டும்போது ஆயிரத்தில் கூட்டினார். குறைக்கும்போது ஆயிரத்து இருநூறில் குறைக்கிறார். அதிகமாகக் குறையும்." பலகைக்கு வந்து எழுது என்றேன். 1200இல் 20 சதவீதம் 240. மீதி 960. வெண்கட்டியைப் பலகையின் அடித்தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா அனுப்பும் பணத்தை எந்தக் கிழமை மாற்றினால் எவ்வளவு வரும் என்று வீட்டில் கணக்குப் பார்ப்பது அவள்தானாம். அதுவும் அம்மம்மா சொல்லித்தான் பிறகு தெரிந்தது. ஐந்து வினாடி காத்திருக்காவிட்டால், இந்தப் பிள்ளைக்குக் கணிதம் வராது என்றே அவள் ஒன்பதாம் தரத்தைக் கடந்திருப்பாள்.

பெற்றோரிடம் நித்திரையைப் பற்றிப் பேசுவது இதையெல்லாம்விடக் கடினம். விடியப்புறம் மூன்று மணிக்கு எழுப்பி, கண்ணில் தண்ணீர் அடித்துப் பாடமாக்க வைப்பதை இங்கே பெரிய அன்பாக நினைக்கிறார்கள். அது அன்புதான், சந்தேகமில்லை. 1987இலும் 1991இலும் படுகொலைகளைக் கண்ட கரை இது. ஒருவரும் பறித்துக்கொண்டு போக முடியாத ஒரே சொத்து படிப்பு என்று நம்புகிற சனம். அவர்களிடம் போய்ப் பிள்ளையைத் தூங்க விடுங்கள் என்றால் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஒரு தகப்பன் எழுந்து கேட்டார்: "தூங்கினால் படிப்பு வருமா டீச்சர்?"

வரும் என்றேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அளவைச் சொன்னேன். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது நித்திரையில்தான் என்றேன். அவர் தலையாட்டினாலும் மனம் இளகவில்லை. பிறகு வேறு விதமாகச் சொன்னேன்: "ஐயா, நாற்றை நட்ட அன்றிரவே பிடுங்கிப் பார்ப்பீர்களா, வேர் விட்டிருக்கிறதா என்று?" கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அதை விட்டுவிட வேண்டும் டீச்சர், தண்ணீர் கட்டிவிட்டு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார். அவ்வளவு போதும் என்று இருந்துவிட்டேன்.

குறைந்த நேரத்தில் படிக்க ஒரு வழி கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வை விளக்கினேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலை. பிள்ளை படித்த பிறகு கொப்பியை வாங்கி மூடி, "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாத அம்மம்மாவும் அதைச் செய்யலாம். உண்மையில் அம்மம்மாக்கள்தான் அதை நன்றாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு விளங்கும்வரை விட மாட்டார்கள்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை என்றும் எனக்குத் தோன்றும். 1996இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு வித்திட்டவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே கூடி, களிமண்ணில் செய்து, வண்ணம் பூசி, கதை கட்டி விளையாடினார்கள். அப்போது நான் படித்த வகுப்பிலிருந்து சிலர் போய்வந்தார்கள். நான் போகவில்லை. நகக்கண்ணில் களிமண்ணோடு அவர்கள் வகுப்புக்குத் திரும்பி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பேசாமலிருந்த ஒருத்தி பேசத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. பிள்ளை முதலில் ஆறட்டும், பாடம் அதற்குப் பிறகு என்பதைக் குண்டு விழுந்த காலத்திலேயே செய்து காட்டியவர்கள் வாழ்ந்த ஊரில், சமாதான காலத்தில் நாங்கள் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுக்கிறோம். அப்படித் தரும்போது வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆசிரியைகளின் உடம்பைப் பற்றியும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் பெண்களுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை. ஏழு மணிமுதல் இரண்டு மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினோம். ஐந்து ஆசிரியைகளில் மூன்று பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. நான் அதில் ஒருத்தி. கச்சான் காலத்தில், ஓட்டுக் கூரையின் கீழ், தொண்டை வறள ஐந்து பாடவேளை கத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பயந்து இருக்கும் ஒருத்தியிடம் மனநலம், தியானம் என்று பேசுவது கொடுமை. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு மலசலகூடம்தான் அங்கே மனநலத் திட்டம். இப்போது இருக்கும் பாடசாலையில் அது இருக்கிறது. என் மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருக்கிறது. நான் குடிக்கும்போது பிள்ளைகளும் குடிக்கலாம் என்பது வகுப்பு விதி.

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘நாளை காலைக்குள் அனுப்பவும்’ என்று வரும் விபரக் கோரிக்கைகளுக்கு ஒரு முடிவு கட்டினோம். ஆசிரியர் ஓய்வறையில் ஆறு பேர் சேர்ந்து, இரவு ஏழுக்குப் பிறகு அந்தக் குழுவைத் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். ஒருத்தி தனியே செய்திருந்தால் ஏச்சு விழுந்திருக்கும். ஆறு பேராகச் செய்தபோது விபரங்கள் மறுநாள் இடைவேளையில் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

களைப்புக்கும் அதைத் தாண்டிய துயரத்துக்கும் வேறுபாடு உண்டு. அதைக் கொப்பி கவிழ்த்துத் தீர்க்க முடியாது. சென்ற வருடம் வேறொரு வகுப்பில் ஒரு பிள்ளையின் கொப்பி இரண்டு கிழமை தொடர்ந்து கவிழ்ந்தே கிடந்தது, சாப்பாடும் குறைந்திருந்தது. அப்போது கேட்க மாட்டேன் என்ற விதியை நானே மீறினேன். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பேசி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துப்போனோம். இதை வாசிக்கும் ஆசிரியருக்கோ பிள்ளைக்கோ அப்படி ஒரு நிலை இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு, பகல் எந்நேரமும் பேசலாம்.

இந்த மாசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இரவு முழுக்க ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் அவளை என் தாயாரிடம் விட்டுவிட்டுப் பாலம் ஏறினேன். விடுமுறை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை, அது என் தவறு. வகுப்புக்குள் போய், என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே, என் பாடக்குறிப்புக் கொப்பியை மேசை மூலையில் கவிழ்த்து வைத்தேன்.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மூன்றாவது வாங்கிலிருந்து அந்த யானைக்காவல் பையன் எழுந்தான். இப்போது அவன் பத்தாம் தரம். அன்று அவனுடைய கொப்பி நேராகத்தான் இருந்தது. "டீச்சர் இருங்கள், நேற்றுத் தந்த கணக்கை நான் பலகையில் செய்கிறேன்" என்று வெண்கட்டியை எடுத்தான். இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். இரண்டாம் வரியில், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டான். எனக்கு வாய்வரை வந்தது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவன் கை நின்றது. இரண்டடி பின்னால் வந்து பலகையைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையால் அந்த வரியை அழித்தான்.